முதல் கையொப்பம்: தமிழ்ப்பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை

மலேசியத் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டு நிறைவை 2016-ஆம் ஆண்டில் நாம் விழா எடுத்துக் கொண்டாடினோம். பினாங்கு ஃபிரீ பள்ளியில் 1816-ஆம் ஆண்டு தமிழ் வகுப்பு ஒன்று தொடங்கப்பட்டதே அந்தக் கணக்கின் தொடக்கம். பழம்பெருமையைப் பற்றி நிறையப் பேசினோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அவ்விழா மேடைகளில் மிகுதியாகக் கேட்கப்படாத வேறோர் எண்ணும் உண்டு. இந்நாட்டில் தமிழ் பல்கலைக்கழகப் பாடமாக ஏற்கப்பட்டது 1956-ஆம் ஆண்டில். 1816-க்கும் 1956-க்கும் இடையே 140 ஆண்டுகள். தொடக்கப்பள்ளியின் வாசலிலிருந்து பல்கலைக்கழகத்தின் வாசலுக்குச் செல்லத் தமிழுக்கு அவ்வளவு காலம் பிடித்தது. வாசல் திறந்த பிறகாவது அதற்குள் நுழைவதற்கு விண்ணப்பம் எழுதக்கூடிய நிலையில் இருந்தவர் யார் என்பதே இவ்வுரையின் வினா.

மேற்கல்விக்கு விண்ணப்பிப்பது என்றவுடன் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவது எஸ்.பி.எம். அல்லது எஸ்.டி.பி.எம். முடிவுகள் வெளிவந்த பிறகு கணினியின் முன் அமர்ந்து கழிக்கும் சில பதற்றமான நாள்கள். துறைகளை வரிசைப்படுத்துவது, தகுதிப் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பது, சான்றிதழ்களைத் தேடி எடுப்பது எல்லாம் அந்நாள்களில் நடக்கும். வரலாற்றைப் பார்த்தால் அது விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் மட்டுமே. முதற்பக்கம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பெரும்பாலும் பெற்றோரின் கையால், சில வேளைகளில் யாருடைய கையாலும் நிரப்பப்படாமலேயே கடந்து போயிருக்கும்.

பினாங்கில் தொடங்கிய அந்தத் தமிழ் வகுப்பு நீடித்து நிலைக்கவில்லை. தமிழ்ப்பள்ளிகள் பெருகியது காப்பித் தோட்டங்களும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் பரவிய பிறகுதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1920-களின் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. சட்டம் பள்ளியைக் கேட்டது. எத்தகைய பள்ளி என்று கேட்கவில்லை. கிராணியோ கங்காணியோ பகுதி நேரம் பாடம் சொன்ன தோட்டங்கள் உண்டு. கொட்டகையும் கரும்பலகையுமே பள்ளியாக இருந்த தோட்டங்களும் உண்டு. நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன எனப் புள்ளிவிவரங்கள் கூறும். இன்றுள்ள சுமார் 530 பள்ளிகளோடு ஒப்பிட்டு, ‘அன்று எவ்வளவு இருந்தன!’ என்று பெருமூச்சு விடுகிறோம். அந்த 888 பள்ளிகளும் சென்று முடிந்த இடம் ஆறாம் ஆண்டு. அதற்கு மேல் தமிழ்வழியில் படி இல்லை. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு எதிரே நின்றது பால்மரம்தான்.

அதே காலத்தில் உயர்கல்வி வேறு பாதையில் வளர்ந்து கொண்டிருந்தது. சிங்கப்பூரில் 1905-இல் மருத்துவப் பள்ளி தோன்றியது; அதுவே பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1928-இல் ராஃபிள்ஸ் கல்லூரியில் வகுப்புகள் தொடங்கின. இவ்விரண்டும் 1949 அக்டோபரில் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. யாவும் ஆங்கிலவழி நிலையங்கள். சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வை ஆங்கிலப் பள்ளியில் எழுதித் தேறியவரே அவற்றின் வாசலை நெருங்க முடிந்தது. பட்டணத்து அலுவலர்களின் பிள்ளைகளும் வணிகர்களின் பிள்ளைகளும் அவ்வழியே சென்றார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படியொரு நிலையம் இருப்பதே தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை ஒன்றை ஏற்படுத்தும் பேச்சு 1950-களில் எழுந்தது. அத்துறையில் எம்மொழிக்கு முதலிடம் என்ற கேள்வியும் உடன் எழுந்தது. சமஸ்கிருதத்தை முதன்மையாக வைக்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டபோது தமிழர்கள் கொதித்தார்கள். மலாயாவில் வாழும் இந்தியர்களில் மிகப் பெரும்பான்மையினர் தமிழர். அவர்களுடைய மொழியை ஒதுக்கிவிட்டு இந்தியவியலா என்பது அவர்கள் வாதம். 1935-ஆம் ஆண்டு முதல் வெளிவந்துகொண்டிருந்த ‘தமிழ் முரசு’ அந்த வாதத்தின் களமாயிற்று. அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுதியதோடு நின்றுவிடவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற முழக்கத்தோடு நிதி திரட்டினார். சிறு சிறு தொகைகளாகச் சேர்ந்த அந்த நிதி பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் சேர்க்க உதவியது. 1956-இல் துறை பிறந்தது. தமிழ் அதன் மொழியாயிற்று.

இதை வெற்றி வரலாறாகவே நாம் சொல்லி வருகிறோம். அது வெற்றிதான். எனினும் அந்த நிதிக்கு ஒரு வெள்ளியும் இரண்டு வெள்ளியும் கொடுத்த உழைப்பாளியை எண்ணும்போதெல்லாம் என் மனம் அங்கேயே நின்றுவிடும். ஆறாம் ஆண்டோடு நின்றுபோன அவருடைய பிள்ளை அத்துறையில் சேர விண்ணப்பம் எழுத முடியாது. தம் வீட்டார் யாரும் நுழைய இயலாத ஒரு மாளிகைக்குத் தம் கூலியிலிருந்து கல் எடுத்துக் கொடுத்தார் அவர். அவ்வளவு தன்னலமற்ற கொடையை நம் சமுதாய வரலாற்றில் வேறெங்கும் நான் அதிகம் கண்டதில்லை.

சீன சமூகத்தோடு ஒப்பிட்டால் நம் நிலை தெளிவாகும். அவர்களிடம் தொடக்கப்பள்ளி இருந்தது, உயர்நிலைப்பள்ளி இருந்தது, 1956-இல் சிங்கப்பூரில் வகுப்புகளைத் தொடங்கிய நன்யாங் பல்கலைக்கழகமும் அவர்கள் எழுப்பியதே. நம்மிடம் இரு முனைகள் இருந்தன, நடுப்பகுதி இல்லை. சிங்கப்பூரின் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1960-இல் உயர்நிலை வகுப்புகளைத் தொடங்கி அக்குறையைத் தனியொரு பள்ளியாக நின்று போக்க முயன்றது. தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி என்ற அந்த முயற்சி 1982-இல் முடிவுக்கு வந்தது. மலேசியாவில் அப்படி ஒன்று எழவே இல்லை.

நடுப்பகுதியில் நமக்குக் கிடைத்தது ஓர் எண் மட்டுமே. அந்த எண் 15. இந்தியவியல் துறை பிறந்த அதே 1956-இல் வெளியான ரசாக் அறிக்கை, பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் பொதுப்பணத்தில் நடக்கும் தொடக்கப்பள்ளிகளில் தமிழ் கற்பிக்க வழி செய்யப்படும் என்றது. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதே எண்ணை இடைநிலைப்பள்ளிக்கும் உரியதாக்கியது. 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே வைத்துக்கொண்டது. தாய்மொழி வகுப்பு என்று நாம் அழைப்பது இதுதான். பள்ளி தானாக வழங்கும் வகுப்பு அன்று இது. பெற்றோர் கேட்டால் கிடைக்கும் வகுப்பு. கேட்பதற்குக் கையொப்பம் வேண்டும். என் கணக்கில், தமிழ் மாணவரின் பல்கலைக்கழக விண்ணப்பத்தின் முதல் கையொப்பம் அதுவே. அதை இடுபவர் தாயோ தந்தையோ. இடும் வேளையில் பிள்ளைக்கு வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ.

அக்கையொப்பத்தின் அருமையை அறிய அறுபதுகளின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். இடைநிலைப்பள்ளிக்குள் நுழையவே முன்பு தேர்வு இருந்தது. பெரும்பாலோர் அதில் வடிகட்டப்பட்டார்கள். அறுபதுகளின் நடுவில் அத்தேர்வு நீக்கப்பட்டு, தொடக்கப்பள்ளி முடித்த அனைவருக்கும் மூன்றாம் படிவம் வரை இடம் உறுதியாயிற்று. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதலில் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து மொழி பழகிய பின் முதலாம் படிவத்துக்குச் சென்றார்கள். ஓராண்டு பின்தங்குவதை இழப்பு என்று கருதியவர்கள் பலர். தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அந்த ஓராண்டு இல்லாதிருந்தால் அடுத்த ஐந்தாண்டும் இல்லாமல் போயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். எனினும் புதிய மொழியைப் பிடித்துக்கொள்ளும் அவசரத்தில் பழைய மொழியைக் கைவிட்டவர் ஏராளம். தமிழைப் பாடமாகத் தொடர்வதற்கு வகுப்பு வேண்டும்; வகுப்புக்குப் பதினைந்து பேர் வேண்டும்; பதினைந்து பேர் சேர்ந்தாலும் ஆசிரியர் வேண்டும். பல பள்ளிகளில் அவ்வகுப்பு பள்ளி நேரம் முடிந்த பிறகோ சனிக்கிழமையிலோதான் நடந்தது. பேருந்து கிடைக்காத தோட்டத்துப் பிள்ளைக்குச் சனிக்கிழமை வகுப்பு என்பது இல்லாத வகுப்பே.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். நான் ஐந்தாம் படிவம் படித்த பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. அருகிலிருந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் மாலை வேளையில் தம் வீட்டுத் திண்ணையில் எங்கள் எழுவருக்குப் பாடம் சொன்னார், கட்டணம் வாங்கவில்லை. தேர்வுக்குப் பெயர் பதியும் நாளில் பள்ளி அலுவலகத்தில், “இந்தப் பாடம் எதற்கு? மொத்தப் புள்ளி குறைந்துவிடும்” என்றார்கள். எழுவரில் மூவர் அங்கேயே பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவர் பின்னாளில் ஆசிரியராக விரும்பி, தமிழ்ப்பிரிவுக்கு விண்ணப்பிக்கத் தமிழில் தேர்ச்சிச் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தார். அன்று அலுவலகத்தில் அரை நிமிடத்தில் முடிந்த செயல் அது.

பல்கலைக்கழகத்தின் பக்கம் திரும்புவோம். 1959-இல் துறை கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. இலங்கையிலிருந்து வந்த தனிநாயக அடிகளார் 1961-இல் அதன் தலைமையை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது அவருடைய முயற்சியால். பத்தாண்டுக்கு முன் சமஸ்கிருதமா தமிழா என்று வழக்காடிக்கொண்டிருந்த துறை, உலகத் தமிழறிஞர்களை அழைத்து விருந்தோம்பியது. துறை தழைக்க மாணவர் வேண்டும் அல்லவா? தாய்மொழி வகுப்புகளிலும் திண்ணைகளிலும் தமிழைக் கைவிடாமல் ஆறாம் படிவம் வரை வந்தவர்களே அத்துறைக்கு ஊற்று. அவர்களுட் பலர் ஆசிரியர்களாகித் திரும்பிச் சென்று அடுத்த தலைமுறையின் தாய்மொழி வகுப்புகளை நடத்தினார்கள். பெரிய மாநாடுகளைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இந்தச் சுழற்சியைப் பற்றி எழுதப்படவில்லை.

துறை சென்ற பிறகு சிங்கப்பூர் நெடுங்காலம் இத்தகைய துறையின்றி இருந்தது. இன்று அங்கே சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியத்தில் பட்டம் பெறலாம். அதன் கதை தனி உரைக்கு உரியது.

மலேசியாவில் 1970-இல் தொடங்கி ஆங்கிலவழிப் பள்ளிகள் ஆண்டுக்கொரு வகுப்பாக மலாய்வழிக்கு மாறின. அந்த அலை 1982-இல் ஆறாம் படிவத்தை அடைந்தது. அதே ஆண்டில் எஸ்.டி.பி.எம். தேர்வு வந்தது. பயிற்றுமொழி மாறியது, தேர்வின் பெயரும் மாறியது. தமிழ் மட்டும் விருப்பப் பாடமாகவே தொடர்ந்தது. விருப்பப் பாடம் என்னும் சொல்லில் ஓர் அபாயம் இருக்கிறது. விரும்பியவர் எடுக்கலாம் என்பது அதன் பொருள். இடம் நெருக்கடியானால் முதலில் கழற்றிவிடப்படுவது என்பதும் அதன் பொருள்.

2009-ஆம் ஆண்டில் இவ்வபாயம் வெளிப்பட்டது. எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களுக்கு மேல் எழுதக் கூடாது என்று அறிவிக்கப்பட்டபோது, அறிவியல் பிரிவு மாணவர்கள் தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் விட்டுவிடுவார்கள் என்ற அச்சம் பரவியது. ஆசிரியர்கள், இயக்கங்கள், செய்தித்தாள்கள் எனச் சமுதாயம் எழுந்தது. இறுதியில் கூடுதலாக இரண்டு பாடங்களுக்கு இடம் கிடைத்தது. 1950-களில் துறைக்காகக் குரல் கொடுத்த அதே உணர்வு இதிலும் தெரிந்தது. பல்கலைக்கழகத் துறைக்காகவும் தேர்வுத் தாளுக்காகவும் ஊர் கூடிப் போராடுகிறோம். முதலாம் படிவத்தில் பதினைந்து கையொப்பம் சேர்க்க யாரும் கூடுவதில்லை.

இன்னொரு கிளைப்பாதையையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஐந்தாம் படிவத்துக்குப் பின் பலர் நாடுவது மெட்ரிகுலேஷன். ஓராண்டில் முடிகிறது, பல்கலைக்கழகத்துக்கு நேரே செல்கிறது. அதை நாடுவதைக் குறை சொல்ல முடியாது. மருத்துவமும் பொறியியலும் விரும்பும் பிள்ளைக்கு அது தகுந்த வழியே. அதன் பாடத்திட்டத்தில் தமிழ் இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு செல்ல வேண்டும். தமிழாசிரியராகவோ தமிழ் ஆய்வாளராகவோ ஊடகத்தில் தமிழ் எழுதுபவராகவோ வர விரும்புபவர் ஆறாம் படிவத்தில் தமிழை எழுதுவதே நேர்வழி. 2012 முதல் எஸ்.டி.பி.எம். மூன்று தவணைகளாக நடைபெறுகிறது; ஒரே தேர்வில் எல்லாம் முடிவாகும் பழைய அச்சம் குறைந்திருக்கிறது. இச்செய்தி எத்தனை ஐந்தாம் படிவ வகுப்புகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று ஆசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இடைநிலைப்பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர்களிடம் இறுதியாக ஒரு வேண்டுகோள். கல்வியாண்டின் முதல் வாரத்தில் முதலாம் படிவத்துக்கும் புகுமுக வகுப்புக்கும் வந்திருக்கும் தமிழ்ப்பிள்ளைகளின் பெயர்களை எடுத்து எழுதுங்கள். தேசியப்பள்ளியிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுள் தமிழ் படிக்க விரும்புபவர் உண்டு, கேட்கத்தான் ஆளில்லை. பட்டியலில் பதினான்கு பெயர்தான் தேறினால் பெற்றோரை ஒரு மாலை வீட்டில் சென்று பாருங்கள்.