பெட்டியின் மேல் ஒரு படம்

வாணிகத்தின் வரலாறு என்றவுடன், கொற்கை முத்தைப் பற்றியும் கடல் கடந்து சென்ற மிளகைப் பற்றியும் நான் பேசப்போவதாக நீங்கள் எண்ணக்கூடும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு பெரிதன்று, உள்ளங்கையில் அடங்குவது. தீப்பெட்டியின் மேல் ஒட்டிய சிறு படமே அது. விளம்பரம் செய்வதற்குக் கையில் காசில்லாத சிறு வணிகர்கள், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எவ்வாறு பிழைத்தார்கள் என்பதையே சொல்ல விரும்புகிறேன். அந்தப் படத்தின் அருமை தெரியாமல் நானே செய்த ஒரு பிழையையும் இறுதியில் சொல்லியாக வேண்டும்.

1901-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐவரே எழுதப் படிக்க அறிந்தவர். நாடு விடுதலை பெற்ற பிறகும், 1951-இல் அத்தொகை பதினெட்டையே எட்டியிருந்தது. ஆகவே கடைக்கு வந்தவருள் பெரும்பாலோருக்குப் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் வெறும் கோடுகளாகவே தோன்றியிருக்கும். அவர்கள் படித்தது படத்தைத்தான். “காக்காப் பெட்டி ஒண்ணு குடுங்க” என்று கேட்டு வாங்கினார்கள். இதை அறியாமை என்று இகழ்வதற்கில்லை. 1951-52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில், அரசே வேட்பாளருக்கு ஒரு பெட்டியாக வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டித்தான் வாக்குக் கேட்டது. கடைக்காரன் முன்னமே கண்டுகொண்ட உண்மையை அரசு பின்னர்க் கைக்கொண்டது என்றே சொல்வேன்.

இந்தக் கலையை முதலில் நன்கு பயன்படுத்தியவர்கள் அயல்நாட்டார். மான்செஸ்டர் ஆலைகளிலிருந்து வந்த துணிகளின்மீது நம் தெய்வங்களின் வண்ணப் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. சுவீடனிலிருந்தும் சப்பானிலிருந்தும் இறங்கிய தீப்பெட்டிகளிலும் யானை, மயில், தெய்வ உருவங்கள் எனப் பலவகைப் படங்கள் இருந்தன. நம் தெய்வங்களின் அழகை நமக்கே விற்றார்கள் அவர்கள்! 1894-இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களைப் படியெடுத்து வெளியிட்டபோது, வீட்டுச் சுவரில் வண்ணப் படம் மாட்டும் வழக்கம் எளியவர் இல்லங்களிலும் பரவலாயிற்று.

இனிச் சிவகாசிக்கு வருவோம். மழை குறைந்த கரிசல் நிலம். உழவை மட்டும் நம்பி வாழ்தல் அரிது. 1922-இல் அயல்நாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி உயர்த்தப்பட்டது. உள்நாட்டில் தீப்பெட்டி செய்தால் விற்கும் என்ற நிலை அதனால் பிறந்தது. அந்நாளில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தொழில் பயின்று மீண்டார்கள். 1923-இல் சுவீடன் நாட்டுப் பெருங்குழுமம் ‘விம்கோ’ என்ற பெயரில் இந்தியாவிலேயே தொழிற்சாலை தொடங்கியது. ஒருபுறம் உலகச் சந்தையையே ஆள முயன்ற நிறுவனம். பொறிகளும் முதலும் அதனிடம் குவிந்திருந்தன. மறுபுறம் கூரைக் கொட்டகை, கைவேலை, கடன் பணம். சிறியவனிடம் விற்பனை முகவர் இல்லை. செய்தித்தாளில் விளம்பரம் செய்ய வசதியும் இல்லை. பெட்டியின் மேல் ஒட்டிய அந்தத் தாள் ஒன்றே அவனுடைய முகவரும் விளம்பரமும் ஆயிற்று. அணில், காக்கை என்று நம் வீட்டு முற்றத்தில் திரியும் உயிர்களே குறிகளாயின.

அக்குறிகளை நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். நடுவில் ஒரே உருவம். அதைச் சுற்றி அழுத்தமான கோடு. இரண்டு மூன்று வண்ணங்கள். இது ஓவியரின் விருப்பத்தால் மட்டும் அமைந்ததன்று. அந்நாளில் படம் அச்சிட்டது கல்லச்சு முறையில். 1796-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனி நாட்டில் செனிபெல்டர் என்பவர் கண்ட முறை அது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் எழுதி, கல்லை நீரால் நனைப்பார்கள். பின்பு அச்சு மையை உருட்டினால், நீர் உள்ள இடம் மையை ஏற்காது. எழுதிய இடம் மட்டும் ஏற்கும். வண்ணத்துக்கு ஒரு கல் வேண்டும். ஆதலால் ஒவ்வொரு வண்ணமும் ஒரு செலவு. சிக்கனமே படத்தைத் தெளிவாக்கியது. மங்கிய அரிக்கன் விளக்கொளியிலும் அடையாளம் தெரிய வேண்டும் என்ற தேவையும் அதற்குத் துணையாயிற்று. எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று உண்டு: வாங்குபவர் தம் வாயால் எளிதில் சொல்லக்கூடியதாக அந்த உருவம் இருந்தது. சொல்ல வராத படத்தைக் கேட்டு வாங்குவது எப்படி?

அந்தப் படங்களைப் போற்றும்போது ஒன்றை மறைத்துப் பேச என் மனம் ஒப்பவில்லை. பெட்டி மடித்து ஒட்டிய விரல்களுள் பல, பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவர் சிறுமியரின் விரல்கள். சிவகாசிச் சிறுவர் உழைப்பைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு வழங்க வேண்டிய நிலை இருந்தது.

தீப்பெட்டிக்குப் படம் வேண்டியிருந்ததால் சிவகாசியில் அச்சகங்கள் பெருகின. பெருகிய அச்சகங்கள் நாட்காட்டியில் கை வைத்தன. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் எழுதிய முருகனும் இலட்சுமியும் நாட்காட்டிகளின் வழியாக நாடெங்கும் சென்றார்கள். படத்தின் கீழே கடையின் பெயர். அதன் கீழே நாள்தோறும் கிழிக்கும் தாள். நாளிதழ் விளம்பரம் மறுநாள் பொட்டலம் கட்டப் போய்விடும். இதுவோ ஆண்டு முழுவதும் வீட்டாரின் கண்முன் நிற்கும். துணிக்கடைக்காரர் கொடுத்த மஞ்சள் பையும் இவ்வகையே. ஊர்ச் சந்தை முழுவதும் அது கடையின் பெயரைச் சுமந்து திரிந்தது. சுமந்தவர் கூலி கேட்டதில்லை.

நல்ல குறி இருந்தால் அதைப் பார்த்துச் செய்பவரும் இருப்பர். இங்கிலாந்தில் 1876-ஆம் ஆண்டின் முதல் நாளன்றே வணிகக் குறிகளைப் பதியத் தொடங்கினர். பாஸ் என்னும் மது ஆலையின் சிவப்பு முக்கோணம் முதல் எண்ணைப் பெற்றது. நம் நாட்டிலோ 1940-இல்தான் வணிகக் குறிச் சட்டம் இயற்றப்பட்டு, 1942-இல் நடைமுறைக்கு வந்தது. 1958-இலும் 1999-இலும் புதிய சட்டங்கள் அதன் இடத்தைப் பெற்றன. 1962-இல் ‘அமிர்ததாரா’, ‘லட்சுமண்தாரா’ என்னும் மருந்துப் பெயர்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோலைக் கையாண்டது. இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடும் அறிஞரைக் கொண்டு முடிவு செய்தலாகாது. நடுத்தர அறிவும் அரைகுறை நினைவும் கொண்டு, அவ்வளவாக விழிப்பின்றி வாங்கும் ஒருவர் மயங்குவாரா என்பதே கேள்வி. நினைத்துப் பார்த்தால் நாம் எல்லோரும் கடையில் அத்தகையோரே அல்லவா?

இவையெல்லாம் நான் பின்னாளில் படித்து அறிந்தவை. முன்னமே அறிந்திருந்தால் என் தாய்மாமனுக்கு அத்தீங்கு நேர்ந்திராது. அவர் சாத்தூரில் சீயக்காய்த்தூள் அரைத்து விற்றார். பொட்டலத்தின்மேல் சிவப்புக் கிளையில் ஒரு பச்சைக்கிளி; தூளுக்கும் கிளித்தூள் என்றே பெயர். 1969-இல் நான் கல்லூரிப் படிப்பை முடித்து வந்தேன். நூலகத்தில் அயல்நாட்டு இதழ்களைப் புரட்டியிருந்த செருக்கில், கிளி பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறது என்றேன். படமே வேண்டா, வளைந்த பொன்னிற எழுத்துகள் போதும் என்று நானே எழுதிக் காட்டினேன். மாமா நெடுநேரம் அதைப் பார்த்தார். “படிச்ச பிள்ளை சொல்றே, செஞ்சுருவோம்” என்றார்.

சிவகாசி அச்சகத்தில் முதிய தொழிலாளி ஒருவர் என் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கிளி எங்க தம்பி?” என்று கேட்டார். நான் சிரித்தேன்.

அடுத்த வாரச் சந்தையில் ஒரு மூதாட்டி புதுப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்தார். மணம் அதுவே என்று அறிந்தும் கீழே வைத்தார். “இது வேற ஏதோ. கிளியக் குடுப்பா” என்றார். நாலு மாதத்தில் விற்பனை பாதியாயிற்று. அதற்குள் வேறோர் ஊரிலிருந்து ஒரு தூள் வந்து சேர்ந்தது. அதன்மேலும் ஒரு பச்சைப் பறவை. கிளியா புறாவா என்று துணிந்து சொல்ல முடியாதபடி அதை எழுதியிருந்தார்கள். ஆனால் பெண்கள் அதைக் கிளி என்றே கேட்டு வாங்கினார்கள். மாமா தம் குறியைப் பதிவு செய்திருக்கவில்லை. வழக்குத் தொடரலாம் என்று கூறிய வழக்கறிஞர், செலவையும் கூறினார். அஃது எங்கள் ஓராண்டு வருமானத்துக்கு மேல் இருந்தது.

பழைய கிளியையே திரும்பக் கொண்டுவர முடிவு செய்து அச்சகத்துக்குப் போனோம். கல்லச்சில் ஒரு வேலை முடிந்தால், கல்லைத் தேய்த்துவிட்டு அடுத்த படத்தை எழுதுவது வழக்கம். எங்கள் கிளி இருந்த கல்லில் அப்போது வேறொருவருடைய ஊதுபத்திக் குறி இருந்தது. வீட்டில் எஞ்சியிருந்த ஒரு பழைய பொட்டலத்தைக் கொடுத்துப் புதிதாக எழுதச் சொன்னோம். மீண்டு வந்த கிளி சற்றுப் பருத்திருந்தது. அலகும் கொஞ்சம் நீண்டுவிட்டது. சந்தையில் சிலர் அதைக்கூடக் கண்டுபிடித்துக் கேட்டார்கள். ஆயினும் வாங்கினார்கள். போன வாடிக்கையில் பாதிக்குமேல் திரும்பி வந்தது, மீதி வரவில்லை. மாமா அம்முறை மறவாமல் கிளியைப் பதிவு செய்தார். தம் இறுதிக் காலம்வரை அத்தொழிலை நடத்தினார். என்னை ஒருநாளும் ஒரு சொல் கடிந்ததில்லை.

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் எழுத்தறிந்தவர். மரச்சீவல் பெட்டியும் அதில் ஒட்டும் தாளும் அருகிப்போய், அட்டையிலேயே படத்தை அச்சிடுகிறார்கள். புதிதாகக் கடை வைக்கும் இளைஞர் சிலர் என்னிடம் யோசனை கேட்க வருவதுண்டு. எழுத்தின் அழகையும் வண்ணத்தையும் காட்டுவார்கள். உங்கள் கடையை வாடிக்கையாளர் என்ன சொல்லிக் கேட்கிறார் என்று நான் வினவுவேன். பலர் அதைக் கவனித்ததில்லை. போய்க் கவனித்துவிட்டு வருமாறு அனுப்புவேன்.

என் பொன்னெழுத்துத் தாள்களுள் ஆயிரக்கணக்கானவை மிஞ்சிவிட்டன. அவற்றின் பின்புறம் வெள்ளையாக இருந்ததால், அத்தை அவற்றை நூலில் கோத்து அடுக்களைச் சுவரில் தொங்கவிட்டார். பல ஆண்டுகள் அவ்வீட்டின் பால் கணக்கு அவற்றில்தான் எழுதப்பட்டது.