திறவாத வாயில்

செஞ்சிக் கோட்டையின் இராசகிரியில் ஏறியவர்கள் அறிவார்கள்: உச்சிக்குச் செல்லும் வழியை ஆழ்ந்த பாறைப்பிளவு ஒன்று குறுக்கே வெட்டி நிற்கின்றது. அதன்மேல் இட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் பகைவர் அப்பால் செல்வது அரிது. 1690இல் முகலாயர் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிவுற்றது. இத்தகைய கோட்டையின்முன் படைவலிமை மட்டும் போதுமானதாக இல்லை.

வலிப்பு நோய்க்கு மருந்துண்டும் குணமடையாதோரை எண்ணும்போது இப்பிளவே நம் நினைவுக்கு வருகின்றது. ஒருவர் வலிப்பு வந்து வீழ்ந்தால் அவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம்மிடையே நெடுநாள் வழக்கம். அதனால் பயன் எதுவுமில்லை. மருந்துண்டும் நோய் தீராவிடில், "முன்னோர் பாவம்", "விசுவாசக் குறைவு" என்று அவர்மேலேயே பழி சுமத்துகின்றோம். இப்பழி நியாயமானதுதானா? வரலாற்றைக் கேட்போம்.

1857இல் இலண்டனில் இலோக்காக் புரோமைடு உப்பின் பயனை எடுத்துரைத்தார். 1912இல் செருமானியரான அவுப்டுமன் பீனோபார்பிட்டாலையும், 1938இல் அமெரிக்கரான மெரிட்டும் புட்னமும் பெனிட்டாயினையும் வழங்கினர். ஒவ்வொரு மருந்தாலும் பலர் நலம் பெற்றனர். ஆயினும் ஒவ்வொரு முறையும் சிலர் எஞ்சினர். 2000ஆம் ஆண்டில் கிளாசுகோ நகர மருத்துவர்கள் 525 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், மூவரில் ஏறத்தாழ ஒருவருக்கு வலிப்பு அடங்கவில்லை எனக் கண்டனர். தக்க மருந்துகள் இரண்டை முறையாக உண்டும் அடங்காததே மருந்துக்கு இணங்காத வலிப்பு என 2010இல் உலக வல்லுநர் வரையறுத்தனர்.

காரணம் ஒன்றன்று. வேளை தவறுதல், பொருந்தாத மருந்து, வேறொரு நோயை வலிப்பெனக் கொள்ளுதல் ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும். அவை நீங்கிய பின்னும் சிலருக்கு மூளையில் தழும்போ பிறவிக் கோளாறோ இருப்பது தெரியவருகின்றது. குருதிக்கும் மூளைக்கும் இடையேயுள்ள அரண்வாயிலில் சில புரதங்கள் மருந்தை வெளியே தள்ளிவிடுகின்றன என்பது ஆய்விலுள்ள ஒரு கருத்து. மருந்து பற்றவேண்டிய இடமே மாறிவிடுகின்றது என்பது மற்றொன்று. எவ்வாறாயினும், இவை உடலின் செயல்கள். ஒருவரது நெஞ்சின் குற்றம் அல்ல.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை வழியே சில மணி நேரத்தில் வேலூரை அடையலாம். மான்றியலில் பென்ஃபீல்டிடம் பயின்ற மருத்துவர் யாக்கோபு சாண்டி, அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். மருந்தால் அடங்காத வலிப்புடைய 19 வயது இளைஞருக்கு 1952 ஆகஸ்டு 25 அன்று அவர் அறுவை மருத்துவம் செய்தார். நம் நாட்டில் வலிப்புக்கென நடந்த முதல் அறுவை அதுவே. 1995இல் திருவனந்தபுரம் சிறீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இப்பணியைத் தொடங்கியது.

நம் திருச்சபையும் மனம் மாறியுள்ளது. வலிப்புடையோர் குருத்துவம் பெறுவதற்கு 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு விதித்திருந்த தடை 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் இல்லை. 1999இல் நாட்டின் திருமணச் சட்டத் திருத்தமும் இத்தகையதொரு தடையை நீக்கிற்று. சட்டங்கள் மாறின, நம் நாவுகள் மாறினவா?

மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், சீடர்களால் குணமாக்க இயலாத சிறுவன் ஒருவனைக் காண்கின்றோம். ஆண்டவர் அவன்மேல் பழி சுமத்தவில்லை. இத்துன்பம் எவ்வளவு காலமாக உள்ளது என்று அவன் தந்தையிடம் கேட்டார். மருத்துவரும் முதலில் கேட்பது அதுவே. நம் பங்கில் இந்நோயால் வருந்தும் இல்லத்தாரிடம் நாமும் அதையே கேட்போம். மருந்தை நிறுத்திவிடாமல் தக்க மருத்துவமனைக்குச் செல்ல வழித்துணையாவோம்.