திருட்டுப் பொருளும் தெரியாமல் வாங்கியவரும்

ஒருவருடைய ஒட்டகம் களவு போகிறது. திருடியவன் அதை வேற்றூருக்கு ஓட்டிச் சென்று, ஐயம் எழாத விலைக்கு ஒருவரிடம் விற்றுவிட்டு மறைந்துவிடுகிறான். சில திங்கள் கழித்து உடையவர் தம் ஒட்டகத்தை, வாங்கியவரின் கொட்டிலில் அடையாளம் கண்டுகொள்கிறார். ஒருவர் பொருளைப் பறிகொடுத்தவர். மற்றவர் பணத்தைக் கொடுத்தவர். இருவரும் குற்றமற்றவர்கள், ஒட்டகமோ ஒன்று. ஒட்டகம் நின்ற இடத்தில், இணைய விளம்பரம் பார்த்து வாங்கிய பழைய காரை நிறுத்திப் பார்த்தால், இன்று நம் காவல் நிலையங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் வருகின்ற வழக்கும் இதுவே. இஸ்லாமியச் சட்ட வரலாறு இதனை எங்ஙனம் கண்டது, ஆங்கிலேயர் வழியே நமக்கு வந்த சட்டம் எங்ஙனம் காண்கிறது என்பதை ஈண்டு நோக்குவோம்.

ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே இதில் கருத்து மாறுபாடு எழுந்துவிட்டது. இமாம் நஸாயீ (ரஹ்) அவர்களின் ‘சுனன்’ தொகுப்பில் ஒரு செய்தி வருகிறது. களவு கொடுத்தவர் தம் பொருளை எங்கே கண்டாலும் அதற்கு அவரே உரிமையுடையவர் என்று கலீஃபா முஆவியா (ரலி) அவர்கள் மர்வானுக்கு எழுதினார்கள். மர்வான் அந்த ஆணையை, யமாமாவில் அதிகாரியாக இருந்த நபித்தோழர் உஸைத் (ரலி) அவர்களுக்கு அனுப்பினார். உஸைத் அதனை ஏற்கவில்லை. திருடனிடம் வாங்கியவர் சந்தேகத்திற்கு இடமில்லாதவராயின், உடையவர் அந்த விலையைக் கொடுத்துப் பொருளை மீட்டுக்கொள்ளலாம், அல்லது திருடனைத் தேடிப் போகலாம் என்றே பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். பின்வந்த கலீஃபாக்களும் அவ்வாறே செய்தார்கள் என்று மறுமொழி எழுதினார்கள். முஆவியா (ரலி) அவர்களிடமிருந்து கண்டிப்பான பதில் வந்தது: தீர்ப்பு தம்முடையதே, கட்டளைப்படி நடக்க வேண்டும். தாம் பொறுப்பில் இருக்கும்வரை அதன்படி தீர்ப்பளிக்கப் போவதில்லை என்று உஸைத் (ரலி) சொல்லிவிட்டார்கள்.

அந்தத் துணிவு ஒருபுறம் இருக்கட்டும். அறியாமல் வாங்கியவரின் பணமும் பணந்தானே என்னும் கவலை அத்துணை முன்னரே எழுந்ததுதான் நமக்கு வியப்பளிக்கிறது. பிரான்சு நாட்டின் 1804-ஆம் ஆண்டுச் சிவில் சட்டமும், சந்தையிலோ அத்தகைய பொருள்களை விற்கும் வணிகரிடமோ வாங்கியவருக்கு விலையைத் திருப்பித் தந்தே உடையவர் பொருளை மீட்கலாம் என்று விதித்தது.

எனினும் ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோர் ஸமுரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு நபிமொழியையே பிடித்தனர். அபூதாவூதில் இடம்பெறும் அதன் கருத்து, பொருள் உடையவருக்கு. வாங்கியவர் தமக்கு விற்றவரைத் தொடர வேண்டும் என்பதாம். உடையவரின் இசைவின்றி உடைமை கைமாறாது என்பதே இதன் அடிப்படை. பிறர் பொருளை அனுமதியின்றி விற்பவனை ‘ஃபுழூலி’ என்பர். அவன் செய்யும் விற்பனை உடையவரின் இசைவு வரும்வரை தொங்கி நிற்கும் என்பது ஹனஃபீ மத்ஹபு. தொடக்கத்திலேயே செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. காயல், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீகளும் மிகுந்திருக்கின்ற தமிழகத்தில், ஒரே காரைப் பற்றி இரண்டு ஆலிம்கள் இரு வகையாகப் பேசினால் வியப்பதற்கில்லை. முடிவில், உடையவர் இசையாவிடில், கார் போய்விடும் என்பதில் இருவரும் ஒன்றுபடுவர்.

‘விற்றவரைத் தொடர்க’ என்பது சொல்லுக்கு எளிது. விற்றவனைக் காணவில்லையே! இங்கேதான் நம் முன்னோரின் உலகியலறிவு வெளிப்படுகிறது. ‘ழமானுத் தரக்’ என்றொரு பிணை முறையை அவர்கள் வகுத்தார்கள். விற்ற பொருளுக்கு நாளை வேறொருவர் உரிமை நாட்டி எடுத்துச் சென்றால், வாங்கியவரின் பணத்திற்கு நான் பொறுப்பு என்று மூன்றாமவர் ஒருவர் ஏற்பதே அது. எகிப்தில் கிடைத்துள்ள பழைய அரபுப் பத்திரங்களில், உரிமைக் குறை நேர்ந்தால் பொறுப்பேற்கும் வாசகம் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இதற்குச் சட்ட நோக்கில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. இன்னும் ஏற்படாத கடனுக்கு எப்படிப் பிணை நிற்பது? ஷாஃபிஈ அறிஞர்கள் இதனை எழுப்பி வாதிட்டார்கள். மக்களின் தேவை கருதி, விலை கைப்பற்றப்பட்ட பின் இப்பிணை செல்லும் என்பதே மத்ஹபின் தீர்வாயிற்று. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ இதனையே உரைக்கிறது. 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் தொகுத்த ‘மஜல்லா’ சட்டமும் இப்பிணைக்கு இடமளித்தது.

இங்கிலாந்தின் பொதுச் சட்டமும், தன்னிடம் இல்லாத உரிமையை எவனும் பிறனுக்குத் தர இயலாது என்றே கூறியது. ஆயினும் ஒரு விந்தையான விலக்கு அங்கே நெடுங்காலம் இருந்தது. வழக்கமான பகிரங்கச் சந்தையில், கதிரவன் உதிப்பதற்கும் மறைவதற்கும் இடையே, நல்லெண்ணத்துடன் வாங்கினால் திருட்டுப் பொருளும் வாங்கியவருக்கே சொந்தம். இலண்டனின் பெர்மாண்ட்சிச் சந்தையில் களவு போன மெழுகுவர்த்தித் தண்டுகள் இரண்டினை ஒருவர் வாங்கினார். அவர் வாங்கிய நேரம் விடியற்காலை. கதிரவன் இன்னும் உதிக்கவில்லை. 1973-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் பொருளை உடையவருக்கே தந்தது. சற்றுப் பொறுத்து வாங்கியிருந்தால் தண்டுகள் அவருடையனவாகியிருக்கும்! இந்த விலக்கினை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. நம் நாட்டின் 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் அதற்கு இடமே அளிக்கவில்லை.

மோட்டார் வண்டிக்கே உரிய முன்மாதிரி 1923-இல் தீர்க்கப்பட்ட ரோலண்ட் எதிர் டிவால் வழக்கு. ரோலண்ட் என்னும் வண்டி வணிகர் 334 பவுனுக்கு ஒரு காரை வாங்கி, வண்ணம் பூசி, 400 பவுனுக்கு ஒரு கர்னலிடம் விற்றார். சில திங்களில் காவல்துறையினர் அது திருட்டு வண்டி என்று எடுத்துச் சென்றனர். வண்டி அத்தனை காலம் ஓடியதே, அதற்குக் கழிவு வேண்டாவா என்பது விற்றவர் தரப்பு. உரிமையை விலைக்கு வாங்கியவருக்கு உரிமை கிடைக்கவேயில்லை. ஆகவே 334 பவுனும் திரும்ப வேண்டும் என்றது நீதிமன்றம். ஓட்டிய காலத்திற்கு ஒரு காசும் கழிக்காதது சரிதானா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. நமக்கோ விற்றவன் பால் சுமை நிற்பதே முறையாகப் படுகிறது.

அதே கருத்து நம் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் உள்ளது. விற்க உரிமை உண்டு என்பது ஒப்பந்தத்தின் உள்ளடங்கிய நிபந்தனை. அது பொய்த்தால் விலையைத் திரும்பக் கேட்கலாம். வண்டி திருட்டுப் பொருளன்று, தவணைக் கடன் மட்டும் தீராமல் இருக்கிறதெனின், அது உத்தரவாத மீறல், நட்டஈடு கோரலாம். விற்றவர் வணிகராயின் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க முடியும். தம் சொந்த வண்டியை ஒருமுறை விற்ற தனியாளின் மீது அந்த வழி திறவாது. உரிமையியல் நீதிமன்றமும், ஏமாற்றுக்கான காவல்துறைப் புகாருமே உண்டு. காவல் நிலையத்தில் வண்டி துருப்பிடித்துக் கிடக்கலாகாது, தக்க பிணை பெற்று இடைக்காலத்தில் விடுவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் வழிகாட்டியது. ஆனால் அப்போதும் வண்டி பெரும்பாலும் போவது பறிகொடுத்தவரிடமே.

ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். அது பதிவுக்குச் சான்று. விற்றவனின் உரிமைக்கு முழுச் சான்றாகாது. அதில் கடன் குறிப்பு இருந்தால், நிதி நிறுவனம் ஒப்பமிட்ட 35-ஆம் எண் படிவமின்றி அது நீங்காது. பெயர் மாற்றாமல் கைமாறிக்கொண்டே போகும் வண்டி விபத்துக்குள்ளானால், பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

பழைய வண்டி வணிகர்களுக்கென 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள் குறிப்பிடத்தக்கவை. அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் வண்டி ஒப்படைக்கப்பட்டு, அது பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்கப்பட்டதும், அவரே உடையவராகக் கருதப்படுவார். இடையில் நிற்பவன் மறைந்துபோக இயலாதபடி ஒரு பெயர் ஏட்டில் நிற்கிறது. தரக் பிணையின் நோக்கமும் ஏறத்தாழ அதுவே. விளம்பரம் பார்த்துத் தனியாள் தனியாளிடம் வாங்கும்போது அத்தகைய வணிகர் இல்லை. அங்கேயும் வழி அடைபட்டுவிடவில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பிணை ஒப்பந்தத்தை ஏற்கிறது. ஆகவே விற்பவரின் ஊரில் நிலையாக வாழும் ஒருவர், உரிமைக் குறை வெளிப்பட்டால் விலைக்குத் தாம் பொறுப்பு என்று முத்திரைத் தாளில் கையொப்பமிட்டுத் தரலாம். எகிப்தியப் பத்திர எழுத்தர்கள் எழுதிய அந்தப் பழைய வாசகத்தை நம் பத்திர எழுத்தரும் தமிழில் எழுதித் தருவார்.