மாங்கனி தெரியும், அந்தாதி தெரியுமா?



ஆனிப் பௌர்ணமி வந்தால் நம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. வீசும் மாம்பழத்தைப் பிடிக்கக் கோவில்பத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போவோம். மாங்கனிக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அம்மையார் ஒரு புலவர் என்பதை எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்?

மாங்கனிக் கதையை நமக்கு விரிவாகச் சொன்னவர் 12-ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். அம்மையார் காலம் ஏறக்குறைய 6-ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் பலர் கருத்து. அவர் குரலாகவே நமக்குக் கிடைத்திருப்பவை 143 பாடல்கள். மூத்த திருப்பதிகங்கள் இரண்டில் 22, திருவிரட்டை மணிமாலை 20, அற்புதத் திருவந்தாதி 101. எல்லாம் பதினோராம் திருமுறையில் உள்ளன.

அந்தாதி என்றால் என்ன? அந்தம் முடிவு, ஆதி தொடக்கம். ஒரு பாட்டு முடியும் சொல்லோ எழுத்தோ அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும். பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் வாங்க இது போதும். ஆனால் அதன் பயனையும் பாருங்கள். மனப்பாடம் செய்பவருக்கு அடுத்த பாட்டின் முதற்சொல் நாவிலேயே வந்து நிற்கும். சுவடிக் கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தாலும் வரிசையை மீட்கலாம். ஒரு பாட்டு தொலைந்தால் அந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். அச்சு இல்லாத காலத்தில் அதுவே நூலுக்குக் காவல்.

அம்மையாருக்கு முன்பே பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அந்தாதியாக அமைந்திருக்கிறது. அம்மையார் அதை 101 வெண்பாவுக்கு வளர்த்தார். முதல் வெண்பாவின் முதற்சொல் 'பிறந்து'. கடைசி வெண்பாவின் கடைசிச் சொல்லும் அதுவே. இதை மண்டலித்தல் என்பார்கள். முதலில் வருவது உடலின் பிறப்பு. முடிவில் வருவது மனத்தில் அன்பு பிறப்பது. அதே சொல், ஆனால் பொருள் எவ்வளவு தூரம் வந்துவிட்டது! அணியும் தொடையும் வெறும் அலங்காரம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இந்த வடிவம் அப்படியே நின்றுவிடவில்லை. முதலாழ்வார் மூவரும் ஆளுக்கொரு திருவந்தாதி பாடினர். பக்கத்துத் திருக்கடையூரில் 18-ஆம் நூற்றாண்டில் அபிராமி பட்டர் பாடினார். 1976-இல் வந்த 'மூன்று முடிச்சு' படத்தில் கண்ணதாசனும் அந்தாதியில் ஒரு பாட்டு எழுதினார். அதை நீங்கள் எல்லாரும் முணுமுணுத்திருப்பீர்கள்!

இந்த ஆண்டு மாம்பழம் பிடித்து வீட்டுக்கு வந்ததும், பேரப்பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வெண்பாவையாவது சொல்லிக்கொடுங்கள். ஏடு கலைந்தால் அந்தாதி காப்பாற்றும். நாம் படிக்காமல் விட்டால் எது காப்பாற்றும்?