மடக்குக் கத்தியைக் கூர்மையாக வைத்திருப்பது எப்படி?

ஒட்டுக்கட்டுதல், கவாத்து, கயிறு அறுத்தல், சாக்குத் தையல் பிரித்தல் என விவசாயிகளுக்கு மடக்குக் கத்தி அன்றாடம் தேவைப்படுகிறது. மழுங்கிய கத்தி பட்டையை நசுக்கிக் கிழிக்கும். அந்தக் காயம் ஆறத் தாமதமாகும். மா, எலுமிச்சை ஒட்டுகளும் சரியாகச் சேராது. அழுத்தி வெட்டும்போது வழுக்கிக் கையையும் பதம் பார்க்கும்.

தீட்டும் முறை

கல்லை நனைத்து, அலகைச் சுமார் 20 பாகை சாய்வில் பிடித்து, முதலில் சொரசொரப்பான பக்கத்திலும் பிறகு வழவழப்பான பக்கத்திலும் தீட்டவும். சாய்வு மாறக்கூடாது. இருபுறமும் ஒரே அளவு தீட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள ஒட்டுக்கத்தியாக இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் தீட்டவும். மறுபக்கத்தைக் கல்லில் தட்டையாக வைத்துப் பிசிறை மட்டும் நீக்கவும். காகிதத்தைக் கிழிக்காமல் அறுத்தால் கூர்மை போதும். மின்சாணையில் அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விடும்.

பராமரிப்பு

எலுமிச்சையில் வரும் சொறி நோய் கத்தி மூலமும் பரவும். அடுத்த மரத்துக்குப் போகும் முன் 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணியால் அலகைத் துடைக்கவும். வேலை முடிந்ததும் பால், பிசினைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மடக்கும் மூட்டில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடவும்.