ஏணியும் முகமூடியும்

திரையைப் பார்த்தபடியே டாக்டர் சொன்னார்: "மூச்சுக் கருவி உங்களுக்கு வேண்டாம்." சைக்கிள் மிதிக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்திருந்தார்கள். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. எனக்கு வயது 37. பதினைந்து வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து கோட் எழுதுகிறவன். எகிறாமல் என்ன செய்யும்!

தென்மேற்கு ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூ நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறேன். அந்த ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேரத்தான் இந்தப் பரிசோதனை. நம்மூர் மாதிரி இங்கே தீயணைப்பு என்றாலே அரசு வேலை என்று நினைத்துவிட முடியாது. சம்பளத்துக்கு ஆள் வைத்த படைகள் இருப்பது நூற்றுச்சொச்சம் நகரங்களில்தான். மற்ற ஊர்களில் பேக்கரிக்காரர், எலக்ட்ரீஷியன், பள்ளி ஆசிரியர் என்று ஊர்க்காரர்களே பேஜர் கத்தியதும் எழுந்து ஓடுகிறார்கள். நாடு முழுக்க ஏறத்தாழ 10 லட்சம் பேர். அவர்களில் ஒருத்தனாக ஆசைப்பட்டேன். உடம்பு இடம் கொடுக்கவில்லை.

மனசு கேட்கவில்லை. இந்த உடல்தகுதி எப்போது வந்தது, எதற்கு வந்தது என்று தேட ஆரம்பித்தேன். கதையின் தொடக்கம் டிராமில் போகிற தூரத்திலேயே இருந்தது.

ஒரு காலத்தில் தீயை அணைப்பது குடிமக்கள் எல்லோருக்கும் விதிக்கப்பட்ட கடமை. மணி அடித்தால் தோல் வாளியோடு வரவேண்டும். கூட்டம் சேரும், வேலை நடக்காது. ஹைடல்பெர்க்கில் பம்பு செய்து விற்ற கார்ல் மெட்ஸுக்கு ஒன்று புரிந்தது: நல்ல பம்பு மட்டும் போதாது, பழகிய ஆட்கள் வேண்டும். 1846இல் டுர்லாக் என்ற ஊரில் நகரக் கட்டடப் பொறுப்பாளர் கிறிஸ்டியான் ஹெங்ஸ்ட், மெட்ஸின் பம்பை வைத்து ஒரு தன்னார்வப் படையைப் பழக்கினார். 1847 பிப்ரவரி 28 அன்று பக்கத்து கார்ல்ஸ்ரூவில் அரசவை நாடக அரங்கு எரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டுர்லாக் படை வந்து, தீ சுற்றியிருந்த கட்டடங்களுக்குத் தாவாமல் பிடித்து நிறுத்தியது. அதன்பிறகு ஊருக்கு ஊர் இப்படி ஒரு படை வேண்டும் என்று ஆனது.

யார் சேருவது? பல ஊர்களில் முதலில் கை தூக்கியவர்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்துக்காரர்கள். 1811இல் ஃப்ரீட்ரிஷ் லுட்விக் யான் பெர்லினில் திறந்த உடற்பயிற்சித் திடலில் இருந்து வளர்ந்த இயக்கம் அது. இளைஞர்கள் ஒன்றுகூடி தேசம், சுதந்திரம் என்று பேசுவதைக் கண்டு மிரண்ட பிரஷ்ய அரசு 1820இல் தடை போட்டது; 1842இல்தான் தடை நீங்கியது. உடம்பைப் பழக்கி வைத்திருந்த இளைஞர்களுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. தீ அந்த வேலையைக் கொடுத்தது.

உல்ம் நகரில் கான்ராட் டீட்ரிஷ் மாகிருஸ் 1847இல் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களைக் கொண்டு 'ஏறுவோர்' அணி ஒன்றை அமைத்தார். அவர்கள் கையில் கொக்கி ஏணி. மேல்மாடி ஜன்னலில் கொக்கியை மாட்டி ஏறவேண்டும். ஜன்னலில் குந்திக்கொண்டு ஏணியை மேலே இழுத்து அடுத்த மாடியில் மாட்டவேண்டும். முடிந்தவன் ஏறுவான், முடியாதவன் கீழே நிற்பான். டாக்டர் சீட்டெல்லாம் தேவைப்படவில்லை, ஏணியே பரீட்சை. ஆனால் கீழே நின்றவனுக்கும் வேலை இருந்தது. கைப்பம்பின் நெம்புகோலை இருபுறமும் நின்று அழுத்தவேண்டும். சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் ஆள் மாறிக்கொண்டே இருக்கவேண்டும்.

ஏணிக்கு ஒரு தீய பக்கமும் உண்டு. ஏறுகிற இளைஞன்தான் தீயணைப்பு வீரன் என்ற சித்திரம் ஒட்டிக்கொண்டது. பெண்களுக்கு நெடுங்காலம் அங்கே இடமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மூச்சுக் கருவி வந்து கேள்வியை மாற்றியது. முகமூடி போட்டால் புகைக்குள்ளே போகலாம். அங்கே நெஞ்சு நின்றுபோனால், ஒருவரைக் காப்பாற்றப் போனவரையும் சேர்த்து இழுத்து வரவேண்டும். இது வெறும் பயமில்லை. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அங்கே பணியில் இறந்த தீயணைப்பாளர்களில் 45 சதவீதம் பேர் இதயநோயால் இறந்ததாகச் சொன்னது. பணிநேரத்தில் தீயோடு போராடுவது 5 சதவீதத்துக்கு மேல் இல்லை. அந்த இதயநோய் மரணங்களில் 32 சதவீதம் அந்தக் கொஞ்ச நேரத்தோடு தொடர்புடையவை.

அதனால்தான் இங்கே 50 வயதுவரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷாவருஷம் மருத்துவப் பரிசோதனை. தவிர வருஷம் ஒருமுறை கருவியை மாட்டிக்கொண்டு 80 கிலோஜூல் வேலை செய்து காட்டவேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80 கிலோ ஆள் தன்னையே 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்குச் சமம். ஆனால் இந்த விதிகள் எல்லாம் முகமூடி போடுகிறவருக்குத்தான். படைக்குள் வருகிற எல்லோருக்கும் இல்லை.

இது எனக்கு உறைத்தது படைத்தலைவரிடம் போய் மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேசியபோதுதான். அவர் சிரித்தார். "நீ வீட்டிலிருந்துதானே வேலை பார்க்கிற? பகல்ல இந்த ஊர்ல ஆளே இல்லை. வியாழக்கிழமை வா."

போனேன். கையில் ஒரு பலகை கொடுத்தார்கள். உள்ளே போகிற இருவரின் பெயர், நேரம், சிலிண்டர் அழுத்தம் எல்லாவற்றையும் எழுதவேண்டும். எதிர்பார்க்கிற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும், மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும், ரேடியோவில் நினைவூட்டி அழுத்தம் கேட்கவேண்டும். சர்வர் கண்காணிப்பு மாதிரிதான் என்று முதலில் நினைத்தேன். பயிற்சிதான், புகையும் போலிதான். ஆனாலும் ஒரு முறை கேட்டுப் பதில் வராத பத்து விநாடியில் என் கை வியர்த்துவிட்டது. சர்வரை ரீஸ்டார்ட் செய்யலாம்.

1847இல் ஏணி, யார் மேலே போகமுடியும் என்று கேட்டது. இன்றைய பரிசோதனை, யார் திரும்பி வருவார் என்று கேட்கிறது. டாக்டர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை என்று இப்போது புரிகிறது. எங்கே நிற்கவேண்டும் என்று காட்டியிருக்கிறார்.