சிவப்புக் கோட்டுக்குள் இருந்த வீடு: அளக்கப்படாத ஊர்மனையின் வரலாறு

ஊர்ப்புறத்தில் பழைய வீடொன்றை வாங்க முற்படுபவர் முதலில் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். உத்தரத்தைச் செல் அரித்துள்ளதா, கிணற்றில் கோடையிலும் நீர் நிற்குமா, மழைநீர் எப்பக்கம் வடிகிறது என்று வினவுகிறார். பின்னர்க் கிரயப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேட்கிறார். வீட்டின் எல்லையைக் காட்டும் வரைபடத்தைக் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அரியானாவிலோ உத்தரப் பிரதேசத்திலோ, ஒருவரது வயலுக்கு வரைபடம் வைத்திருக்கும் பட்வாரி, அவர் குடியிருக்கும் வீட்டுக்கு வரைபடம் கிடையாது என்று கூறுவது அண்மைக்காலம் வரை இயல்பாக இருந்தது. வயல் நூறாண்டுகளுக்கும் மேலாக அளக்கப்பட்டிருக்க, அதை உழுதவனின் வீடு மட்டும் ஏன் அளக்கப்படவில்லை? இக்கேள்விக்கான விடை இந்திய நில அளவையின் வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

இந்தியாவில் ஆட்சியாளர்கள் நிலத்தை அளந்ததன் தலையாய நோக்கம் வரி. விளையும் நிலம் வரி தந்தது. குடியிருக்கும் நிலம் தரவில்லை. எனவே, அளவுகோல் வயலின் ஒவ்வொரு வரப்பையும் தொட்டது. ஊர்மனையின் விளிம்போடு நின்றுவிட்டது. இந்த முறை ஆங்கிலேயர் கொண்டுவந்ததன்று. முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ 1001ஆம் ஆண்டில், சோழநாட்டில் விரிவான நில அளவை நடைபெற்றது. தஞ்சைப் பெரியகோயிலுக்கு வருவாய் தந்த ஊர்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகளில் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஊரின் மொத்த அளவு முதலில் கூறப்படும். அதிலிருந்து ஊர்நத்தம், குளங்கள், ஊரூடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு முதலியன கழிக்கப்படும். எஞ்சியது மட்டுமே இறைகட்டும் நிலம். ஊர்நத்தம் அங்கே கழித்தற்கணக்கில் வரும் ஒரு தொகுதி. அதற்குள் எந்த வீடு எவருடையது, ஒரு மனை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது அக்கணக்குக்குத் தேவைப்படவில்லை.

முகலாயர் ஆட்சியிலும் இதே தருக்கம் செயற்பட்டது. அக்பர் காலத்தில், 1570களில், நிலமளக்கும் கருவி மாற்றப்பட்டதை அயினி அக்பரி பதிவு செய்கிறது. சணற்கயிறு ஈரத்தில் சுருங்கியும் வெயிலில் நீண்டும் அளவைப் பிழையாக்கியதால், இரும்பு வளையங்களால் இணைக்கப்பட்ட மூங்கில் துண்டுகள் அதன் இடத்தைப் பெற்றன. துல்லியத்தில் இத்துணை அக்கறை காட்டிய அந்த ஆட்சி, நிலத்தை நான்கு வகையாகப் பகுத்தது: ஆண்டுதோறும் பயிராகும் போலஜ், சிறிது காலம் ஓய்வு தரப்படும் பரௌதி, மூன்று நான்கு ஆண்டுகள் தரிசாகக் கிடக்கும் சாசர், ஐந்தாண்டும் அதற்கு மேலும் பயிரிடப்படாத பஞ்சர். நான்கு வகைகளுக்கும் அளவுகோல் உழவே. வீட்டுமனைக்கு அப்பகுப்பில் இடமில்லை.

1793ஆம் ஆண்டின் நிரந்தரத் தீர்வை வங்காளத்தில் வயல்வாரியான அளவை ஏதுமின்றியே சமீன்தார்களோடு செய்யப்பட்டது. அதனால் எழுந்த குழப்பங்கள் பிற மாகாணங்களில் அளவையின் தேவையை உணர்த்தின. தெற்கே பாராமகாலில் 1792 முதல் அலெக்சாந்தர் ரீடும் தாமசு மன்றோவும் குடியானவர்களோடு நேரடியாகத் தீர்வை செய்யும் முறையை உருவாக்கினர். வடமேற்கு மாகாணங்களில் 1822ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறையும் 1833ஆம் ஆண்டின் ஒன்பதாம் ஒழுங்குமுறையும் வயல்வாரி வரைபடத்துக்கும் உரிமைப் பதிவேட்டுக்கும் வழிவகுத்தன. பம்பாய் மாகாணத்தில் 1835 முதல் கோல்ட்சுமிடும் விங்கேட்டும் புதிய அளவை முறையை வகுத்தனர். வயல் ஒவ்வொன்றும் எண் பெற்றது, எல்லைக்கல் பெற்றது. ஊர்மனை பெரும்பாலும் முழுவதற்குமாக ஒரே எண்ணைப் பெற்றது. நூறு வீடுகள், நான்கு தெருக்கள், இரண்டு கோயில்கள், ஒரு பொதுக்கிணறு யாவும் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கின.

பஞ்சாபிலும் தில்லியிலும் இவ்வேற்பாட்டுக்கு அமைந்த பெயர் ‘லால் டோரா’. சிவப்பு நூல் என்பது இதன் பொருள். வருவாய் வரைபடத்தில் குடியிருப்பைச் சூழ்ந்து சிவப்பு மையால் வரையப்பட்ட கோடே அந்த நூல். இச்சொல்லின் ஆட்சித்துறை வழக்கு பொதுவாக 1908ஆம் ஆண்டோடு தொடர்புபடுத்தப்படுகிறது. கோட்டுக்கு வெளியே நிலவரி உண்டு, வயலெண் உண்டு, உரிமைப் பதிவு உண்டு. உள்ளே இம்மூன்றும் இல்லை. வெவ்வேறு மொழிகளில் இந்நிலப்பகுதிக்கு வழங்கும் பெயர்கள் ஒப்பிட்டு நோக்கத் தக்கவை. இந்தி நிலப்பரப்பில் ‘ஆபாதி’, மராத்தியில் ‘காவ்டாண்’, குசராத்தியில் ‘காம்தள்’, கன்னடத்தில் ‘கிராமடாண’, தெலுங்கில் ‘கிராமகண்டம்’, தமிழில் ‘நத்தம்’. இவற்றுள் பல, ‘ஊர் இருக்கும் இடம்’ என்ற பொருளையே தருகின்றன. எச்சொல்லும் தனி வீட்டைச் சுட்டவில்லை. யாவும் ஊரை ஒரு முழுமையாகவே காண்கின்றன. பதிவேட்டின் பார்வை அதன் சொல்லிலேயே படிந்திருக்கிறது.

வடஇந்திய வருவாய்த்துறைச் சொல்லாகிய ‘ஷஜ்ரா’ இன்னொரு செய்தியைத் தருகிறது. அரபு மூலத்தில் அதன் பொருள் மரம். வயல் வரைபடத்துக்கும் அதுவே பெயர். நிலவுடைமையாளரின் குலவழிப் பட்டியலுக்கும் அதுவே பெயர். நிலத்தின் படமும் குடும்பத்தின் படமும் ஒரே சொல்லால் வழங்கப்பட்டன. இவ்விரண்டிலும் இடம்பெறாதவரின் நிலை யாது?

வரி இல்லையேல் தொல்லையும் இல்லை என்று தோன்றலாம். ஆயின், அளக்கப்படாமையின் சுமை எல்லார்மீதும் சமமாக விழவில்லை. பஞ்சாப் ஊர்களில் நிலவுடைமைக் குடிகள் ஊர்மனைக்கும் கூட்டாக உரிமை கொண்டாடின. தோல்வேலை, நெசவு, குயத்தொழில் முதலியவற்றைச் செய்தோரும் உழவுத் தொழிலாளரும் அந்நிலத்தின்மீது வீடு கட்டி வாழ்ந்தனர். ஊர் வழக்கங்களைத் தொகுத்த ‘வாஜிப்-உல்-அர்ஸ்’ என்னும் ஆவணம் பல ஊர்களில் அவர்களது உரிமையை வரையறுத்தது: உடைமைக் குடிகளின் இசைவின்றி மனையை அவர்கள் விற்க இயலாது, ஊரை விட்டுச் செல்லும்போது ‘மல்பா’வை மட்டும் எடுத்துச் செல்லலாம் அல்லது விற்கலாம். மல்பா என்பது இடிபாட்டுப் பொருள்: உத்தரம், கதவு, செங்கல். ஒரே தெருவில் ஒருவருக்கு வீடு நிலத்தோடு கூடிய சொத்து. மற்றொருவருக்கு அது கழற்றியெடுக்கத்தக்க பொருள்களின் தொகுப்பு. ஒற்றை எண் இந்த வேறுபாட்டை மறைத்தது. ஊர் அதை மறக்கவில்லை.

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்கள் இந்நிலையை மாற்ற முயன்றன. 1950ஆம் ஆண்டின் உத்தரப் பிரதேசச் சமீன்தாரி ஒழிப்புச் சட்டம் ஊர்மனையிலுள்ள கட்டடங்களை அவற்றை வைத்திருந்தோருக்கே உரியனவாக்கியது. பஞ்சாபின் ஊர்ப்பொதுநிலச் சட்டம், நிலவுடைமை இல்லாதோரின் வீட்டடி நிலத்தை அவர்களுக்கே உடைமையாக்கியது. தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், பிறர் நிலத்தில் குடியிருந்த உழவுத் தொழிலாளருக்கு மனையுரிமை அளித்தது. உரிமை சட்டத்தில் எழுதப்பட்டது. ஆனால், அந்த உரிமை தரையில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் கோடு பல இடங்களில் வரையப்படவில்லை. கோடில்லாத உரிமையைச் சொல்வன்மையும் ஆள்வன்மையும் உடைய அண்டைவீட்டார் சிறிது சிறிதாகச் சுருக்கிவிட முடியும்.

வரைபடம் இல்லாத இடத்தில் சொற்களே எல்லையாயின. சோழர் செப்பேடுகள் கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என நான்கு திசையெல்லைகளையும் விரித்துரைக்கும். தமிழ்ப் பத்திரங்களின் ‘சக்குபந்தி’, இந்திப் பத்திரங்களின் ‘சௌஹத்தி’ ஆகியவை அந்நெடிய மரபின் தொடர்ச்சியே. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 21ஆம் பிரிவில், சொத்தை அடையாளங்காணப் போதுமான விவரம் பத்திரத்தில் இருத்தல் வேண்டும் என்கிறது. இயலும் இடத்தில் அரசு வரைபடத்தையோ அளவையையோ சுட்டவும் கோருகிறது. ஊர்மனையில் அது இயலவில்லை. எனவே பத்திரம் அண்டைவீட்டாரைச் சுட்டியது. முதல் வீட்டுக்குக் கிழக்கெல்லை இரண்டாம் வீடு; இரண்டாம் வீட்டுக்கு மேற்கெல்லை முதல் வீடு. இரண்டுக்கும் இடையிலுள்ள சுவர் எவருடையது என்பதை இரண்டு பத்திரங்களும் கூறமாட்டா. ஒருவர் இறந்து மூன்று மக்கள் பாகம் பிரித்துக்கொண்டால் எல்லையாக நின்ற பெயரே மறைந்துவிடும். பத்திரத்திலுள்ள பரப்பளவும் நான்கெல்லையும் முரண்படும்போது பொதுவாக எல்லை விவரமே மேலோங்கும் என்பது நீதிமன்றங்கள் பின்பற்றும் நெறி. அந்த எல்லையே தெளிவற்றதாயின் வழக்கு தலைமுறை கடந்து நீள்கிறது.

தில்லியில் இதன் விளைவு வேறு வடிவம் கொண்டது. 1963ஆம் ஆண்டின் அறிவிக்கை, லால் டோராவுக்குட்பட்ட பகுதிகளுக்குக் கட்டட விதிகளிலிருந்து விலக்களித்தது. ஊராரின் வாழ்க்கைமுறையைக் காப்பதற்காக அமைந்த விலக்கு, நகரம் ஊரைச் சூழ்ந்தபின் அடுக்குமாடிகளுக்கு வாயிலாயிற்று. தனி எண்ணும் தனி வரைபடமும் இல்லாத அத்தகைய வீட்டை ஈடாகக் கொண்டு கடன் தர வங்கிகள் தயங்கின. பரம்பரையாக வாழும் வீடு கைவசம் இருந்தும் அதைச் சட்டம் ஏற்கும் ஈடாக மாற்ற இயலாத நிலை ஊரகக் குடும்பங்களுக்கு நேர்ந்தது.

2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பெற்ற ‘ஸ்வாமித்வா’ திட்டம் இந்நெடிய வெற்றிடத்தை நிரப்பும் முயற்சி. இந்திய நில அளவைத்துறை ட்ரோன்களைக் கொண்டு ஊர்மனையைப் படமெடுக்கிறது. அதற்கு முன்னர் மனையின் எல்லையில் சுண்ணாம்புப் பொடியால் கோடிடுகின்றனர். அன்று அலுவலர் ஊரைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரைந்தார். இன்று ஊர்த்தெருவில் வீடு ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைக் கோடு விழுகிறது. அதன் பயனாக வழங்கப்படும் சொத்து அட்டைக்கு மகாராட்டிரத்தில் ‘சனத்’, உத்தரப் பிரதேசத்தில் ‘கரௌனி’, மத்தியப் பிரதேசத்தில் ‘அதிகார் அபிலேக்’ என்று பெயர். கர் என்பது வீடு. வயலுரிமைப் பதிவாகிய ‘கதௌனி’யின் ஓசையையொட்டி அமைந்த சொல் கரௌனி. வயலுக்கு இருந்த தகுதி வீட்டுக்கும் வந்துவிட்டது என்பதை அச்சொல்லாக்கமே அறிவிக்கிறது. 2025 சனவரி 18 அன்று ஒரே நாளில் 65 இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் வழங்கப்பட்டன.

எனினும், வானிலிருந்து காணும் கருவிக்குக் கூரை தெரியும், பாகம் தெரியாது. பொதுமுற்றத்தில் தம்பிக்குள்ள நடைபாதை உரிமையையும், மணமாகிச் சென்ற மகளின் பங்கையும், சந்தின் மேல் நீண்டிருக்கும் தாழ்வாரத்துக்கு அடியிலுள்ள நிலம் எவருடையது என்பதையும் படம் கூறாது. சுண்ணாம்புக் கோடு இடும் நாளில் ஊரில் இல்லாதவரும், எதிர்த்துப் பேச இயலாதவரும் ஆட்சேபத்துக்குரிய காலத்தைத் தவறவிட்டால், வாய்மொழியாக இருந்த சுருக்கம் ஆவணமாக உறைந்துவிடக்கூடும். மேலும், வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டுமே உரிமைமூலம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. பத்திரப்பதிவும் ஆவணத்தைப் பதிகிறதேயன்றி உரிமைக்கு உறுதி அளிப்பதில்லை.

பழைய ஊரக வீட்டை வாங்குவோர் கிரயத்துக்கு முன்னர் அளவை செய்ய வேண்டியதன் காரணம் இவ்வரலாற்றிலிருந்து தெளிவாகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், வாங்குபவர் இயல்பான கவனத்தால் கண்டறிய முடியாத முக்கியக் குறைகளைச் சொல்லும் கடமையையே விற்பவர்மீது சுமத்துகிறது. கண்டறியத் தக்கவற்றைக் கண்டறிவது வாங்குபவரின் பொறுப்பு. ஆகவே, அளவர் சங்கிலியோடு வந்தாலும் மின்னணுக் கருவியோடு வந்தாலும், செய்ய வேண்டிய பணி மூன்று வகைப்படும். பத்திரங்களின் நான்கெல்லையைப் பழைய பத்திரம்வரை பின்னோக்கிப் படித்து, ஒவ்வொரு பெயரும் இன்று எந்த வீட்டைக் குறிக்கிறது என்று பொருத்துவது முதலாவது. நடப்பு வரைபடமோ சொத்து அட்டையோ இருப்பின், அதன் அளவைத் தரையின் அளவோடு ஒப்பிடுவது இரண்டாவது. நாற்புறத்து அண்டைவீட்டாரையும் அழைத்து, அவர்கள் முன்னிலையில் அளந்து, பொதுச்சுவர், வடிகால், நடைபாதை பற்றிய இசைவை எழுத்தில் பெறுவது மூன்றாவது. முதலிரண்டும் ஆவணப் பணிகள். மூன்றாவதைச் செய்யாமல் அவை நிறைவு பெறுவதில்லை. ஏனெனில், இவ்வீடுகளின் எல்லை பல நூற்றாண்டுகளாக மனிதர் நினைவிலேயே காக்கப்பட்டு வந்துள்ளது. அந்த நினைவை உடையவர்கள் உயிரோடிருக்கும்போதே அதை அளந்து எழுதிக்கொள்வது வாங்குபவருக்கு மட்டுமன்றி, மல்பா அன்றி வேறுரிமை அறியாதிருந்த குடும்பங்களின் வழிவந்து இன்று தம் வீட்டை விற்க முன்வருவோருக்கும் பாதுகாப்பாகும்.